மீடியனில் வழி எங்கே இருக்கிறது? ஒரு நான்குவழிச்சாலையை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்திய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு வட தமிழகத்தில் உள்ள 14 கிலோமீட்டர் நீளச் சாலைத் துண்டு ஒன்றைப் பற்றியது. இருவழிச்சாலையாக இருந்து, அகலப்படுத்தப்பட்டு, நடுவில் சென்டர் மீடியன் கட்டப்பட்டு நான்குவழிச்சாலையாக மாறிய பின்பும், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் அது நெடுநாள் ஒற்றைக் கோடாகவே கிடந்தது. அதை இரட்டைக் கோடாக மாற்றியவன் நான். அப்படி மாற்றும்போது, அந்த வரைபடத்தை நம்பி ஓடிய வண்டிகளின் பயணத் திட்டத்தைப் புதிய வகையில் கெடுத்தவனும் நானே. சாலையின் பெயரையும் ஊர்ப்பெயர்களையும் சொல்லாமல் விடுகிறேன். மீடியனில் ஊரார் தாமாக உடைத்து வைத்திருக்கும் வழிகளைப் பற்றியும் பேச வேண்டியிருப்பதால், அந்த ஊர்களைச் சுட்டிக்காட்டுவது முறையாகாது. சாலை ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பின்வருவது விளங்கும்.

புகார் எங்கிருந்து வந்தது

கடைகளுக்கு விதையும் உரமும் விநியோகிக்கும் நண்பர் ஒருவர், குட்டியானை என்று நாம் அழைக்கும் சிறு சரக்கு வண்டிகள் இரண்டை வைத்திருக்கிறார். மறுநாள் எந்த வண்டி எந்தெந்தக் கடைக்கு எந்த வரிசையில் போக வேண்டும் என்பதை, ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவின்மேல் இயங்கும் திறமூல வழிகாட்டி மென்பொருள் ஒன்று இரவிலேயே கணக்கிட்டுத் தரும்படி அவருக்கு ஏற்பாடு செய்து கொடுத்திருந்தேன். பட்டியல் ஒழுங்காக வந்தது. ஓட்டுநர்கள்தான் அதை மதிக்கவில்லை. காரணம் கேட்டபோது அவர்களில் மூத்தவர் சொன்னார்: "அண்ணே, கடை எதிர்த்தாப்புலதான் இருக்கு. ஆனா அங்க போகணும்னா அடுத்த ஊரு வரைக்கும் போய்த் திரும்பிட்டு வரணும். உங்க பேப்பர்ல அது எங்க இருக்கு?"

அது எங்கும் இல்லை. ஒற்றைக் கோட்டில் சாலையின் இரு பக்கமும் ஒன்றுதான். மேற்கு ஓரத்துக் கடையும் கிழக்கு ஓரத்துக் கடையும் அதே கோட்டின் இரண்டு புள்ளிகளே என்பதால், இரண்டுக்கும் இடையே மென்பொருளுக்குத் தெரிந்த தொலைவு சில மீட்டர்கள் மட்டும்.

இந்தப் பிழையின் அளவைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். மீடியனில் அடுத்தடுத்த இரண்டு திறப்புகளுக்கு இடைப்பட்ட தொலைவு 2 கிலோமீட்டர் என்று கொள்வோம். வடக்கு நோக்கிப் போகும் வண்டி, எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஒரு கடையில் சரக்கை இறக்கிவிட்டு மீண்டும் வடக்கே போக வேண்டும். அது முதலில் முன்னால் உள்ள திறப்பு வரை செல்ல வேண்டும். அங்கே திரும்பி, எதிர்த் தடத்தில் தெற்கே வந்து, வழியில் கடையில் நின்று, பின்னால் உள்ள திறப்பில் மீண்டும் திரும்பி, முதலில் வந்த வழியையே இன்னொரு முறை கடக்க வேண்டும். நேரே போயிருந்தால் 2 கிலோமீட்டர், இப்போது 6. கூடுதல் தொலைவு 4 கிலோமீட்டர். கடை அந்த இரண்டு திறப்புகளுக்கு நடுவே எந்த இடத்தில் இருந்தாலும் இந்த 4 மாறாது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அதைவிட முக்கியமானது இன்னொன்று: அதே இடைவெளியில் எதிர்ப்பக்கம் மூன்று கடைகள் இருந்தாலும், ஒரே சுற்றில் முடித்தால் மொத்தக் கூடுதல் அதே 4 தான், வரிசை தெரியாமல் தனித்தனியாகப் போனால் 12. ஆகவே ஒற்றைக் கோடு பயண நேரத்தை மட்டும் குறைத்துக் காட்டவில்லை, எந்தக் கடைகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்ற முடிவையே தவறாக எடுக்க வைத்தது. ஓட்டுநர்களோ இந்தச் சேர்க்கையை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

கோடு, புள்ளி, குறிச்சொல்

2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவமைப்பு எளிமையானது. இடத்தைக் குறிக்கும் புள்ளிகள், புள்ளிகளை வரிசையாகக் கோத்த கோடுகள், இவற்றைத் தொகுக்கும் உறவுகள் ஆகிய மூன்றுதான் அடிப்படை. மற்றவையெல்லாம் இவற்றின்மேல் ஒட்டப்படும் குறிச்சொற்கள். இரண்டு சாலைகள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்பதைத் தீர்மானிப்பது திரையில் தெரியும் படம் அன்று. இரண்டு கோடுகளும் ஒரே புள்ளியைப் பகிர்கின்றனவா என்பதே. கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சென்றாலும் பொதுப் புள்ளி இல்லையென்றால் வழி இல்லை. பொதுப் புள்ளி இருந்துவிட்டால், அங்கே நான்கடி உயரச் சுவர் நின்றாலும் மென்பொருளுக்கு வழி உண்டு. இந்த ஆய்வின் முழுச் சிக்கலும் இந்த ஒரு விதிக்குள் அடங்கிவிடுகிறது.

பிரிந்த சாலைகளுக்கான மரபும் தெளிவானதுதான். எதிரெதிர்த் தடங்களை மீடியன், சுவர், கம்பித் தடுப்பு போன்ற பொருள் ஒன்று பிரித்தால், தடத்துக்கு ஒரு கோடாக இரண்டு கோடுகள் வரைய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒருவழி என்ற குறிச்சொல் சேர்க்க வேண்டும். வெறும் வண்ணக்கோடு, அது இரட்டை மஞ்சள் கோடாகவே இருந்தாலும், சாலையை இரண்டாக்குவதில்லை. ஒருவழியின் திசை என்பது கோடு எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளியை நோக்கி வரையப்பட்டது என்பதுதான். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால், வடக்கே போகும் தடம் மேற்கிலும் தெற்கே போகும் தடம் கிழக்கிலும் இருக்க வேண்டும்.

முதல் திருத்தமும் அதன் விளைவும்

செயற்கைக்கோள் படத்தில் மீடியன் தெளிவாகத் தெரிந்தது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைத் திருத்த உதவும் ஜோசம் என்ற மென்பொருளில், ஏற்கெனவே இருக்கும் கோட்டுக்கு இணையாக இன்னொரு கோட்டை இழுத்துவிடும் வசதி உண்டு. பழைய கோட்டை மேற்குத் தடத்தின்மேல் நகர்த்தி, அதிலிருந்து ஓர் இணைகோட்டைக் கிழக்குத் தடத்தின்மேல் வைத்து, இரண்டுக்கும் ஒருவழிக் குறிச்சொல் இட்டேன். இணையாக இழுக்கப்படும் கோடு மூலக்கோட்டின் திசையையே பெறும் என்பதை மறந்தேன். இரண்டு தடங்களும் வடக்கு நோக்கியே ஓடின. அதாவது 14 கிலோமீட்டருக்குத் தெற்கே வர வழியே இல்லை. இது பெரும் பிழைதான் என்றாலும் ஆபத்து குறைந்த பிழை, ஏனென்றால் விளைவு உடனே கண்ணில் படும். சோதனைக்காகக் கேட்ட முதல் பாதையே ஏரிக்கரைச் சாலைகளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கிழக்குக் கோட்டின் திசையைத் திருப்பினேன், சரியாயிற்று.

உண்மையான பிழை சத்தமில்லாமல் நடந்தது. கிழக்குப் பக்கத்து ஊர்களிலிருந்து 19 கிளைச்சாலைகள் வந்து சேர்கின்றன. பழைய வரைபடத்தில் அவை ஒற்றைக் கோட்டில் முடிந்திருந்தன. அந்தக் கோடு மேற்குத் தடமாகிவிட்டதால், கிளைச்சாலைகள் அனைத்தும் இப்போது புதிய கிழக்குத் தடத்தைத் தாண்டி, மீடியனையும் தாண்டி, மேற்குத் தடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. பதிவேற்றும் முன் ஜோசம்மின் பிழைகாட்டி, 19 இடங்களில் கோடுகள் பொதுப் புள்ளியின்றிக் குறுக்கிடுகின்றன என்று எச்சரித்தது. எச்சரிக்கைப் பட்டியலைக் காலி செய்யும் ஆர்வத்தில் 19 இடங்களிலும் பொதுப் புள்ளி இட்டேன். எச்சரிக்கைகள் மறைந்தன. மீடியனில் இல்லாத 19 திறப்புகள் பிறந்தன. அவற்றில் இரண்டு, சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை வழியாகக் கடக்கும் ஊர்ச்சாலைகள். அவற்றையும் மேல்மட்டத்தோடு இணைத்திருந்தேன்.

முன்பு பொய் சாலை நெடுகச் சமமாகப் பரவியிருந்தது. யாரும் அதை நம்பவில்லை. இப்போது அது 19 இடங்களில் திரண்டு, நன்றாக வரையப்பட்ட இரட்டைக் கோடுகளின் நடுவே, சரிபார்த்த தகவல் போன்ற தோற்றத்தோடு உட்கார்ந்திருந்தது. நண்பரின் கைப்பேசி, கான்கிரீட் தடுப்பின் முன்னால் வலப்புறம் திரும்பச் சொன்னது. மறுவாரமே அந்தப் பட்டியல் மடித்து வண்டியின் டாஷ்போர்டில் செருகப்பட்டுவிட்டது.

தரவை மொத்தமாகக் கையாளும்போது பிரிந்த சாலைகள் எவ்வளவு எளிதில் சிதைகின்றன என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று அமெரிக்காவில் உண்டு. அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் டைகர் தரவு 2007, 2008 ஆண்டுகளில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கூட்டமாக ஏற்றப்பட்டபோது, பிரிந்த சாலைகளின் இரண்டு கோடுகள் சடை பின்னியதுபோல் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடந்தன. தன்னார்வலர்கள் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அங்கே இறக்குமதி செய்ததை இங்கே நான் என் கையாலேயே செய்துவிட்டேன்.

தரையில் பார்த்தது

படத்தை மட்டும் வைத்துத் திறப்புகளைக் குறிக்க முடியாது என்பது தெரிந்துவிட்டதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருசக்கர வாகனத்தில் இரு தடங்களிலும் முழுநீளம் போய்வந்தேன். வாகனங்கள் முழுமையாகத் திரும்பக்கூடிய திறப்புகள் ஏழு. எண்ணிக்கையைவிட அவற்றின் வகைகளே என்னை அதிகம் யோசிக்க வைத்தன.

நான்கு திறப்புகளில் சிக்கலே இல்லை. மீடியன் விலகி, இரு திசையினரும் திரும்பும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. கிளைச்சாலை எதிரில் இல்லாத இடங்களில் இரண்டு தடங்களையும் ஒரு குறுங்கோட்டால் இணைத்து, அதற்குப் பிரதானச் சாலையின் இணைப்புச் சாலை என்ற வகையைக் கொடுத்தேன். கிளைச்சாலை நேராகக் கடந்து மறுபக்கம் தொடரும் இடத்தில், குறுங்கோடு அந்தக் கிளைச்சாலையின் பகுதியே ஆகும். ஐந்தாவது திறப்பில் மீடியன் சரிவாக வெட்டப்பட்டிருந்ததால், வடக்கே போகும் வாகனம் மட்டுமே அதில் நுழைய முடியும். இதற்குத் தடை உறவு எதுவும் தேவைப்படவில்லை. மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிய ஒருவழியாக அந்தக் குறுங்கோட்டை வரைந்ததே போதுமானதாயிற்று. ஆறாவது இடத்தில் சிக்னல் உண்டு, கூடவே யு-டர்ன் கூடாது என்ற பலகையும் உண்டு. இங்கே குறுங்கோடு இருந்தாக வேண்டும், ஏனென்றால் கிளைச்சாலைக்கு வலப்புறம் திரும்பலாம். ஆனால் எந்தத் தடத்திலிருந்து, எந்தக் குறுங்கோட்டின் வழியாக, எந்தத் தடத்துக்குப் போகக்கூடாது என்று மூன்று உறுப்புகள் கொண்ட தடை உறவு ஒன்றை எழுத வேண்டும். நடுவில் புள்ளிக்குப் பதில் கோடு வரும் இத்தகைய தடைகளை எல்லா வழிகாட்டி மென்பொருளும் ஒரே அளவுக்குக் கையாள்வதில்லை. அதற்காகக் குறுங்கோட்டைச் சுருக்கிப் புள்ளியாக்கும் குறுக்குவழியை நான் ஏற்கவில்லை. மென்பொருளின் குறையை வரைபடத்தில் ஒட்டுப்போட்டால், மென்பொருள் திருந்தும் நாளில் வரைபடம்தான் பொய்யாகும்.

ஏழாவது திறப்பைத் தார் நிரப்பிய பீப்பாய்களால் யாரோ மறித்திருந்தார்கள். அதைப் பற்றிப் பின்னால்.

இவை தவிர, மீடியன் கற்கள் பெயர்க்கப்பட்டு இருசக்கர வாகனம் மட்டும் நுழையும்படியான ஐந்து உடைப்புகள் இருந்தன. இவற்றை வரைவதா வேண்டாமா என்பதில் வரைபடம் வரைவோரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தரையில் இருப்பதை வரைவதே நம் வேலை என்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தும் நான் வரையவில்லை. அவை கட்டப்பட்டவை அல்ல, நிலையானவையும் அல்ல. வேகமாக வரும் பேருந்தின் குறுக்கே ஒருவரை அனுப்பும் வழியாக அவை என் கையெழுத்தோடு பதிவாவதை நான் விரும்பவில்லை. ஒரு பள்ளிக்கு எதிரில் முறையாகக் கட்டப்பட்ட நடைவழித் திறப்பு ஒன்றை மட்டும் நடைபாதைக் கடப்பாக வரைந்தேன்; கார் அதன்வழி போகாது, நடப்பவருக்கு அது வழி.

சுரங்கப்பாதைகள் இரண்டையும் மேல்மட்டத்திலிருந்து துண்டித்து, பிரதானச் சாலையின் அந்தச் சிறு பகுதியைப் பாலமாகவும் ஓர் அடுக்கு மேலாகவும் குறித்தேன். இங்கே ஒரு நன்மை எதிர்பாராமல் கிடைத்தது. சுரங்கப்பாதையின் இரு வாயிலிலும் சர்வீஸ் ரோடு வந்து சேர்கிறது. அதை வரைந்ததும், அருகிலுள்ள சில கடைகளுக்குத் திறப்பு வரை போகாமலே அடியில் புகுந்து மறுபக்கம் போகும் வழி மென்பொருளுக்குக் கிடைத்தது. ஓட்டுநர்கள் பல காலமாகப் போகும் வழிதான் அது. சர்வீஸ் ரோட்டை ஒருவழியாகக் குறிப்பதில் அவசரப்படக் கூடாது என்பதையும் இங்கே கற்றேன். பலகை எதுவும் இல்லாமல் இரு திசையிலும் வாகனங்கள் ஓடும் இடத்தில், பிரதானத் தடத்தின் திசையை அதற்கும் ஏற்றிவிடுவது வெறும் ஊகமே.

கடையின் வாசல் எந்தப் பக்கம்

கோடுகள் சரியான பின்னும் பட்டியலில் ஒரு தவறு எஞ்சியது. கடையின் இருப்பிடத்தை மென்பொருள் அதற்கு மிக அருகில் உள்ள சாலைக்கோட்டில் ஒட்டிக்கொள்கிறது. அந்த இருப்பிடம் கைப்பேசியில் பதிவானது. திறந்த வெளியிலேயே அதில் சில மீட்டர் பிழை இயல்பு. வண்டியை மீடியன் ஓரமாக நிறுத்தி, இறங்கும் முன்பே இடத்தைப் பதிந்திருந்தால், கடை எதிர்த் தடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒற்றைக் கோட்டில் தீங்கற்றதாக இருந்த இந்தப் பிழை, இரட்டைக் கோட்டில் முழுச் சுற்று ஒன்றை விலையாகக் கேட்கிறது. சாலையை எவ்வளவு நுட்பமாக வரைகிறோமோ, அவ்வளவு நுட்பமாக முகவரியும் இருந்தாக வேண்டும் என்பதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. எல்லாக் கடைகளின் இருப்பிடங்களையும் வாசலில் நின்று மீண்டும் பதிவு செய்தோம்.

இன்னும் பிரியாத இருவழிச்சாலைகளுக்கு வேறொரு தீர்வு இருக்கிறது. ஓஎஸ்ஆர்எம், கிராஃப்ஹாப்பர், வல்ஹல்லா ஆகிய மூன்று திறமூல வழிகாட்டி மென்பொருள்களிலுமே, கடை வண்டியின் ஓரப்பக்கமாக இருக்கும்படி வந்து சேர வேண்டும் என்று கேட்கும் வசதி ஏதோ ஒரு வடிவில் உண்டு. சாலையைக் கடந்து மூட்டை தூக்கக் கூடாது என்ற தேவைக்கு இதுதான் பொருத்தமான இடம். அதற்காகச் சாலையை இரண்டாகப் பிரித்து வரைவது தவறு.

நேரக் கணக்கிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓஎஸ்ஆர்எம்மோடு வரும் மாதிரிக் கார் விதிக்கோப்பில், பிரதான நெடுஞ்சாலையின் (டிரங்க் வகை) இயல்பு வேகம் மணிக்கு 85 கிலோமீட்டர்; யு-டர்னுக்கு 20 வினாடி தண்டனை. ஒரே கோட்டில் வந்த வழியே திரும்புவதைத்தான் அது யு-டர்ன் என்று பார்க்கிறது. மீடியன் திறப்பில் திரும்பும்போதோ அதற்குத் தெரிவது குறுங்கோட்டில் ஒன்றும் எதிர்த் தடத்தில் ஒன்றுமாக இரண்டு வலத்திருப்பங்கள். எதிரே விரைந்து வரும் லாரிகளுக்காகக் காத்திருக்கும் நேரம் அந்தக் கணக்கில் சரியாக ஏறுவதில்லை. குட்டியானைக்கு 85 என்பதே கற்பனை. இரண்டையும் நண்பரின் விதிக்கோப்பில் மாற்றினோம், வரைபடத்தில் அன்று. வேகமும் தயக்கமும் வாகனத்தைச் சார்ந்தவை, மீடியன் சாலையைச் சார்ந்தது.

பிரிக்காமல் விட்ட இடங்கள்

14 கிலோமீட்டரின் வட கோடியில் ஒரு பேரூராட்சியின் கடைத்தெரு வருகிறது. அங்கே மீடியன் முடிந்து, சுமார் 600 மீட்டருக்கு வண்ணக்கோடு மட்டும் ஓடுகிறது. சந்தை நாட்களில் அதன்மேல் காவலர்கள் இரும்புத் தடுப்புகளை வரிசையாக வைக்கிறார்கள். இரட்டைக் கோட்டை அங்கேயும் தொடர்ந்திருந்தால் படம் அழகாக இருந்திருக்கும். ஆனால் வாரத்தில் ஆறு நாள் எந்தக் கடைக்கும் நேரே திரும்பலாம் என்ற உண்மை அழிந்திருக்கும். இரண்டு கோடுகளையும் ஒரு புள்ளியில் சேர்த்து, அதன்பின் ஒற்றைக் கோடாக விட்டேன். சந்திப்புகளில் உள்ள சிறு முக்கோணத் திட்டுகளுக்காகவும் பிரிக்கவில்லை.

நகரச் சாலைகளில் இந்தத் தீர்ப்பு இன்னும் கடினம். சென்னை ராஜீவ் காந்தி சாலையை எடுத்துக்கொண்டால், இந்திரா நகர் சந்திப்பில் 2023 இறுதியில் திறக்கப்பட்ட யு வடிவ மேம்பாலம், தரையில் மீடியன் மூடியிருந்தாலும் மேலே வழி உண்டு என்ற நிலையை உருவாக்கியது. அதை இரு தடங்களுக்கு இடையிலான குறுங்கோடாக வரைந்தால் தவறு. ஒரு தடத்திலிருந்து பிரிந்து, ஓர் அடுக்கு மேலே ஏறி, எதிர்த் தடத்தில் இறங்கிச் சேரும் தனி ஒருவழிப் பாலமாகவே வரைய வேண்டும். ஏறும் இடத்துக்கு முன்பே முடிவெடுக்க வேண்டும் என்ற செய்தி அந்த வடிவத்தில்தான் இருக்கிறது. அதே சாலையில் மெட்ரோ ரயில் பணிகளுக்காகப் போக்குவரத்து அவ்வப்போது திருப்பிவிடப்படுவதையும் சேர்த்துப் பார்த்தால், எது நிலையான மீடியன், எது தற்காலிகத் தடுப்பு என்பதை ஒருமுறை தீர்மானித்துவிட்டு மறந்துவிட முடியாது என்பது தெரியும்.

திருத்தத்துக்குப் பின்

பதிவேற்றிய மறுகணமே பயணத் திட்டம் மாறிவிடுவதில்லை. வழிகாட்டி மென்பொருள் வரைபடத்தை முன்கூட்டியே தன் வலையமைப்பாக மாற்றிச் சுருக்கி வைத்துக்கொள்வதால், புதிய தரவை இறக்கி மீண்டும் கட்டும்வரை பழைய சாலையில்தான் ஓட்டும். கட்டிய பின் மூன்று சோதனைகள் செய்தேன். ஒவ்வொரு கடையிலிருந்தும் அதன் நேரெதிர்ப் பக்கத்துக்குப் பாதை கேட்டு, அது உண்மையான திறப்பு வழியாகவோ சுரங்கப்பாதை வழியாகவோ மட்டும் போகிறதா என்று பார்த்தேன். ஜியோஃபேப்ரிக் நிறுவனம் நடத்தும், ஓபன்ஸ்ட்ரீட்மேப் பிழைகளைக் காட்டும் தளமான ஓஎஸ்எம் இன்ஸ்பெக்டரில், வலையிலிருந்து அறுந்து தீவாக நிற்கும் சாலைகள் உள்ளனவா என்று பார்த்தேன். பழைய கோட்டைச் சுமந்திருந்த நெடுஞ்சாலை எண் உறவிலும் பேருந்துத் தட உறவுகளிலும் புதிய கிழக்குத் தடம் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். சேரவில்லை, தெற்கே வரும் பேருந்துகள் எல்லாம் வடக்கே போகும் தடத்தில் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தன. அதையும் சரிசெய்ய ஒரு மாலை பிடித்தது.

புதிய பட்டியலை மூத்த ஓட்டுநர் படித்துப் பார்த்தார். எதிர்ப்பக்கக் கடைகள் திரும்பி வரும் வழியில் ஒன்றாகச் சேர்ந்திருந்ததைக் கண்டு, "இப்பதான் நாங்க போற மாதிரி இருக்கு" என்றார். ஓரிடத்தில் மட்டும் விரலை வைத்து, இங்கே திரும்ப முடியாது என்றார். பீப்பாய்கள் வைத்த ஏழாவது திறப்புதான் அது.

அதை நான் நீக்கவில்லை. கட்டுமானம் அங்கே இருக்கிறது. மறிப்பு மட்டுமே புதிது. குறுங்கோட்டை அப்படியே வைத்து, அதன்மேல் வாகனங்களுக்கு அனுமதியில்லை என்ற குறிச்சொல்லையும் நான் பார்த்த தேதியையும் சேர்த்து, வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு குறிப்பும் இட்டேன்: பீப்பாய்கள் எடுக்கப்பட்டுவிட்டனவா, அல்லது மீடியன் கட்டி மூடப்பட்டுவிட்டதா, அவ்வழியே போகிறவர்கள் சொல்லவும். குறிப்பு இன்னும் திறந்தே இருக்கிறது.